363 வெற்றி, 363 தோல்வி: டோனி க்வின் நல்ல கோச்சா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடுகிறான். மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்ச தொழில்முறை பேஸ்பாலில், ஆடிய ஒருவர் கோச்சாக இருக்கும் கல்லூரியிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பூரித்துப்போயிருக்க, உங்களுக்கு மட்டும் ஒரு நெருடல். இப்படிக் கோச்சானவர்களைப் பற்றித் தேடியபோது டோனி க்வின் பெயர் வந்ததாகவும், சான் டியாகோ ஸ்டேட் கல்லூரியில் அவருடைய கணக்கு 363 வெற்றி, 363 தோல்வி என்று பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். "அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே இவ்வளவுதான் முடிந்தது என்றால், பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆக மாட்டார்கள் என்பது உண்மைதானே?" இதுதான் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: க்வின் கோச்சாகத் தோற்றாரா என்பது ஒன்று, ஒரு கோச்சை எதை வைத்து அளப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வழி தெரிந்தால்தான் முதலாவதற்குப் பதில் வரும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான் டியாகோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். என் பையன்கள் ஆடிய காலத்தில் சிறுவர் லீகில் எட்டு வருடம் கோச்சாக இருந்தேன், அப்புறம் ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு அம்பயர். க்வின் கோச்சாக இருந்த காலத்தில் அந்தக் கல்லூரி மைதானத்துக்கு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு முறையாவது போவேன். ஆனால் எல்லாவற்றையும் கேலரியிலிருந்துதான் பார்த்தேன். டக்அவுட்டுக்குள், அதாவது மைதானத்து ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், உட்கார்ந்தவன் பார்வை வேறு மாதிரி இருக்கும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 363-க்கு அர்த்தம் வராது. 1960-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, லாங் பீச்சில் வளர்ந்தவர். சான் டியாகோ ஸ்டேட் அவரைக் கூட்டிவந்தது பேஸ்பாலுக்கு அல்ல, பேஸ்கட்பாலுக்கு. பாயின்ட் கார்டாக ஆடினார். பந்தைச் சக ஆட்டக்காரனுக்குச் சரியான நேரத்தில் கொடுத்து கோல் போட வைப்பதில் அந்தக் கல்லூரியின் சாதனையே அவர் பெயரில்தான் இருந்தது. முதல் வருடம் அவர் பேஸ்பால் ஆடவே இல்லை. 1981 ஜூனில் ஒரே நாளில் இரண்டு தொழில்முறை அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்தன: பேஸ்பாலில் சான் டியாகோ பாட்ரேஸ், பேஸ்கட்பாலில் அப்போது இதே ஊரில் இருந்த கிளிப்பர்ஸ். அவர் பாட்ரேஸுக்குப் போனார். 1982 ஜூலையில் முதல் ஆட்டம், 2001 அக்டோபரில் கடைசி ஆட்டம். நடுவில் இருபது சீசன், ஒரே அணி.

அந்த இருபது சீசனில் 3,141 ஹிட், பேட்டிங் ஆவரேஜ் 0.338. (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் ஓடி முதல் பேஸுக்காவது போய்ச் சேர்ந்தால் அது ஹிட். ரன் எடுக்கச் சுற்றி ஓடும் நிறுத்தங்கள்தான் பேஸ்.) கிரிக்கெட் ஆவரேஜைப் போல இதைப் படிக்கக் கூடாது. கணக்கில் சேரும் ஆயிரம் முயற்சியில் 338 ஹிட் என்று அர்த்தம். பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல பேட்டர் என்று சொல்லும் ஆட்டம் இது. அவர் முதல் சீசனை விட்டால் பத்தொன்பது சீசன் தொடர்ந்து அந்த மூன்றைத் தாண்டினார். மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகின் பேட்டிங் பட்டம் எட்டு முறை. 1994-ல் 0.394-ல் இருந்தபோது ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் வந்து சீசன் ஆகஸ்டோடு நின்றுபோனது. 1941-ல் டெட் வில்லியம்ஸ் 0.406 அடித்த பிறகு நேஷனல் லீகிலோ, மறுபாதியான அமெரிக்கன் லீகிலோ 0.400-க்கு அவ்வளவு கிட்டே யாரும் போனதில்லை. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்த எண் வேறு: பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறை பேட்டோடு நின்றவர் மொத்தமே 434 முறைதான் ஸ்டிரைக் அவுட் ஆனார், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி வெளியேறினார். இன்று பல பேட்டர்கள் மூன்று சீசனுக்குள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்சர்களில் (பந்து வீசுகிறவர்களில்) ஒருவரான கிரெக் மேடக்ஸ் நூறு முறைக்கு மேல் அவருக்குப் பந்து வீசியும் ஒரு தடவைகூட ஸ்டிரைக் அவுட் செய்ய முடியவில்லை.

இவ்வளவும் கைத்திறமையால் மட்டும் வந்ததல்ல, படிப்பாலும் வந்தது. 1983-ல் ஆட்டம் கைகூடாமல் திணறியபோது, டிவியில் வரும் ஆட்டத்தைப் பதிவு செய்து வைக்கும்படி மனைவி அலிஷாவிடம் சொன்னார். அதன்பின் வெளியூர்ப் பயணங்களுக்கும் வீடியோ சாமான்களைத் தூக்கிக்கொண்டே போனார். கேப்டன் வீடியோ என்று சகாக்கள் கிண்டல் செய்தார்கள். இப்போது ஒவ்வொரு அணியிலும் அதற்கென்று ஓர் அறையே இருக்கிறது. இடது கைக்காரரான அவர், மூன்றாவது பேஸைக் காக்கும் ஃபீல்டருக்கும், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் பந்தைத் தள்ளிவிடுவதில் மன்னன். ஸ்கோர் புத்தகத்தில் மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. அதனால் அந்தச் சந்துக்கு 5.5 என்று பெயர் வைத்திருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. டெட் வில்லியம்ஸும் சான் டியாகோக்காரர்தான். 1992-ல் ஆல்-ஸ்டார் ஆட்டம் இங்கே நடந்தபோது க்வினைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒட்டி வரும் பந்தை இழுத்து அடி, எப்போதும் எதிர்ப்பக்கமே தள்ளாதே என்று வாதாடினார். அப்போதே க்வின் நான்கு பேட்டிங் பட்டம் வாங்கியவர். அறிவுரை சரி என்று தெரிந்தும் அது கைக்கு வர வருடங்கள் ஆயின. 1997-ல், 37 வயதில், 17 ஹோம் ரன் அடித்தார். தன் பேட்டிங்கால் அணிக்கு 119 ரன் வரவைத்தார். அவர் வாழ்க்கையிலேயே இரண்டும் உச்சம். யோசித்துப் பாருங்கள்: சொன்னவர் டெட் வில்லியம்ஸ், கேட்டவர் டோனி க்வின், அப்படியும் ஓர் அறிவுரை பலன் தர ஐந்து வருடம் ஆனது. கல்லூரிக் கோச்சிடம் ஒரு நல்ல பையன் இருப்பது மூன்று வருடம்தான். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தவன் மூன்றாம் ஆண்டு முடித்ததும், அல்லது 21 வயதானதும், மேஜர் லீக் அணிகள் அவனைத் தேர்ந்தெடுக்கலாம். நன்றாக ஆடுகிறவன் அதோடு போய்விடுவான். கோச் விதைத்ததை அறுவடை செய்வது வேறு யாரோ.

சரி, கோச் கதைக்கு வருவோம். ஓய்வு பெற்றதும் மேஜர் லீக் அணி ஒன்றில் பேட்டிங் கோச்சாக அவர் போயிருக்கலாம். டிவி வேலையும் கையில் இருந்தது. அவரோ படித்த கல்லூரிக்கே திரும்பினார். 2002-ல் சம்பளமில்லாத உதவியாளராகக் கூட இருந்து பார்த்தார்; தனக்குக் கோச்சாக இருந்த ஜிம் டீட்ஸ் விலகியபின் 2003 சீசனிலிருந்து தலைமை கோச். வேடிக்கை என்னவென்றால் மைதானத்துக்கு முன்பே டோனி க்வின் ஸ்டேடியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், 1997-ல், அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே. தன் பெயர் எழுதிய சுவருக்குக் கீழே நின்று ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்பது எப்படி இருந்திருக்கும் என்று கேலரியில் உட்கார்ந்து பல தடவை நினைத்திருக்கிறேன். முதல் சீசனில் அவர் மகன் டோனி க்வின் ஜூனியரும் அணியில் இருந்தார். (அந்த மகன்தான் 2007 செப்டம்பர் கடைசியில் மில்வாக்கி அணிக்காக வந்து, ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசி அவுட் மிச்சமிருக்கும்போது அப்பாவின் பாட்ரேஸுக்கு எதிராக மூன்று பேஸ் ஹிட் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. பாட்ரேஸ் அந்த ஆட்டத்தில் தோற்று, பிளேஆஃப் வாய்ப்பையும் அடுத்த இரண்டு நாளில் இழந்தது. அதைப் பற்றி இந்த ஊரில் இன்றும் பேச்சுண்டு.)

363-ஐ ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றால், கல்லூரிக் கோச்சின் வேலையில் பாதிக்கு மேல் ஆள் பிடிப்பது. பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுப்பது அப்புறம்தான். பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும், ஹைஸ்கூல் ஆட்டங்களுக்கு அலைய வேண்டும், உதவித்தொகையைப் பங்கு போட வேண்டும். அவர் காலத்தில் ஒரு முதல் பிரிவுக் கல்லூரியின் பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகை. அதைத்தான் இருபத்தைந்து, முப்பது பேருக்குக் கால், அரை என்று வெட்டிக் கொடுக்க வேண்டும். (2025-26-லிருந்து இது மாறிவிட்டது. புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் 34 பேர் என்ற வரம்புதான் இருக்கிறது. உங்கள் மகனை அழைத்த கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.) தெற்குக் கலிஃபோர்னியாவில் அதே பையன்களுக்கு வலை வீசும் பெரிய கல்லூரிகள் எத்தனை! யுசிஎல்ஏ, யுஎஸ்சி, லாங் பீச் ஸ்டேட் எல்லாம் இரண்டு மூன்று மணி நேரத் தூரத்தில். 2004-ல் தேசியப் பட்டம் வென்ற கால் ஸ்டேட் ஃபுல்லர்டனும் அங்கேதான். இதே ஊரில் இருக்கும் யுனிவர்சிட்டி ஆஃப் சான் டியாகோவில், பின்னால் மேஜர் லீக் நட்சத்திரமான கிரிஸ் பிரையன்ட் ஆடிக்கொண்டிருந்தார். இந்தப் போட்டியில் நடுத்தர அணி ஒன்று பாதி ஜெயித்தது என்றால் அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு சீசனில் மூன்று முறை, 2009, 2013, 2014-ல், தேசியப் போட்டியின் முதல் சுற்றுக்குப் போனார்கள். அதைத் தாண்டவில்லை. அதற்கு முன் அந்தக் கல்லூரி அங்கே போனது 1991-ல்.

இதற்கு நேர் எதிரான ஒருவர் ராட் டீடோ. 1935-ல் புரூக்ளின் அணிக்காக மேஜர் லீகில் மொத்தம் இரண்டே ஆட்டம், ஒரே ஒரு ஹிட். அப்புறம் 1942 முதல் 1986 வரை யுஎஸ்சியில் கோச். 11 தேசியப் பட்டம், அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. டாம் சீவர், ஃபிரெட் லின், மார்க் மெக்வயர், ராண்டி ஜான்சன் என்று பின்னால் மேஜர் லீகில் பெரும் பெயர் எடுத்த எல்லோரும் அவரிடம் ஆடியவர்கள். சீவர், ராண்டி ஜான்சன் மாதிரியான பையன்கள் தன்னிடம் வரும்படி செய்ததும் அவர்களை வைத்துக் காத்ததும் டீடோவின் திறமை. அதற்கும் பேட்டிங் ஆவரேஜுக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் "பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆக மாட்டார்" என்பதைவிட, ஆடியதை வைத்துக் கோச்சைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 31 வருடம் மினசோட்டாவில் இருந்து மூன்று பட்டம் வென்ற டிக் சீபர்ட் மேஜர் லீகில் நல்ல ஆட்டக்காரராகவும் இருந்தவர்தான்.

க்வினுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது என்பது என் ஊகம். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. பிட்சரின் கையிலிருந்து பந்து கிளம்பும்போதே எந்தப் பந்து என்று கண்டுபிடித்துவிடுவார். அதைப் பத்தொன்பது வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நானே சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த் திண்டாடியிருக்கிறேன். எனக்கு எளிதாக வந்ததைத்தான் சொல்லித்தரத் தெரியாது, முட்டி மோதிக் கற்றது நன்றாக வரும். இதில் கல்லூரி ஆட்டத்தின் அலுமினிய பேட் வேறு; மேஜர் லீகில் மரப் பேட்தான். மரப் பேட்டில் பிடிக்குப் பக்கத்தில் பந்து பட்டால் கை அதிரும், பேட் உடையும், பந்து செத்து விழும். தப்பு அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். அலுமினியத்தில் அதே தப்புக்கு ஹிட் கிடைக்கும். 2011-ல் கல்லூரி பேட்டுகளின் துள்ளலைக் குறைத்தபின் வித்தியாசம் குறைந்தது. இருந்தாலும், மரப் பேட்டில் கற்ற நுணுக்கத்தை அலுமினிய பேட்காரனிடம் விற்பது கடினமான வியாபாரம்.

அவர் கையிலிருந்து வந்த மிகப் பெரிய பெயர் பேட்டர் இல்லை, பிட்சர் என்பதுதான் விசித்திரம். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் இந்த ஊர்ப் பையன். ஹைஸ்கூல் முடித்தபோது எந்த மேஜர் லீக் அணியும் அவரைச் சீண்டவில்லை. கல்லூரிக்கு வந்தபோது உடம்பு கனத்துப்போய், முதல் பயிற்சிகளில் வாந்தி எடுத்தார். விட்டுவிட்டுப் போய்விடு என்று உடற்பயிற்சி கோச்சே சொன்னார். போகவில்லை. முதல் வருடம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மட்டும் வீச வைத்தார்கள், இரண்டாம் வருடம் ஆரம்பத்திலிருந்தே. 2008 ஏப்ரலில் யூட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 ஸ்டிரைக் அவுட். மொத்த அவுட்டே 27. நான் அன்று போகவில்லை, போயிருக்கலாமே என்று இன்றும் வயிறு எரிகிறது. அந்த வருடமே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடிய ஒரே கல்லூரி மாணவர் அவர். 2009-ல் நாட்டிலேயே முதலாவதாக வாஷிங்டன் அணி தேர்ந்தெடுத்தது. மேஜர் லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 2019-ல், சிறந்த ஆட்டக்காரரும் அவரே. இந்தப் பெருமையில் க்வினுக்கு எவ்வளவு? பந்து வீச்சைப் பார்த்துக்கொண்டது பிட்சிங் கோச் ரஸ்டி ஃபில்டர். உடம்பைச் சீராக்கியது வேறொருவர். க்வின் செய்தது, சரியான ஆட்களைச் சுற்றி வைத்துவிட்டு அவசரப்படாமல் இருந்தது. அதுவும் கோச் வேலைதான் என்பேன். இன்னொருவர் அதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். ஜஸ்டின் மாஸ்டர்சன், அடிசன் ரீட் என்று மேஜர் லீகில் நிலைத்த மற்ற பெயர்களும் பிட்சர்கள்தான்.

க்வினின் முடிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆடத் தொடங்கிய காலத்திலிருந்தே புகையிலை அடக்கும் பழக்கம். கன்னத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியில் இரண்டு முறை கட்டி எடுத்தார்கள், இரண்டும் சாதாரணக் கட்டி. 2010-ல் வந்தது புற்று. முகத்தின் ஒரு பக்கம் அசைவிழந்தது. அதற்குப் புகையிலைதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார், வெளிப்படையாகவும் சொன்னார். நான் மருத்துவன் அல்ல. வாய்ப்புற்றுக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பு சந்தேகத்துக்கு இடமில்லாதது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று விஷயத்தில் அவ்வளவு உறுதியான சான்று இல்லை என்பதே மருத்துவர்களின் பொதுவான பேச்சு. கல்லூரி ஆட்டங்களில் புகையிலைக்கு 1990-களிலிருந்தே தடை. ஆட்டம் முடிந்தபின் யார் தடுக்க முடியும்? 2014 ஜூன் 16 அன்று, 54 வயதில் இறந்தார். அந்தச் செய்தி கேட்டு அடிசன் ரீட் தன்னிடமிருந்த புகையிலை டப்பாக்களை எல்லாம் தூக்கி எறிந்தார். ஸ்ட்ராஸ்பர்க்கும் விடப் போவதாக அறிவித்தார். 2016 டிசம்பரில் அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில், புதிதாக மேஜர் லீகுக்கு வரும் ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்கு.

அந்தக் கடைசி சீசனில் மார்ச்சிலிருந்தே அவர் மருத்துவ விடுப்பில்தான் இருந்தார். உதவி கோச் மார்க் மார்ட்டினஸ் அணியை நடத்திப்போய், அந்தக் கல்லூரி சேர்ந்திருந்த மவுன்டன் வெஸ்ட் கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். இறப்பதற்கு ஐந்து நாள் முன்னால் கல்லூரி க்வினின் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டியது. 363-ஐ மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது புரியாது.

இனி உங்கள் மகன் விஷயம். அவன் பிட்சரா, பேட்டரா என்று நீங்கள் எழுதவில்லை. பிட்சர் என்றால் தலைமை கோச் யாராக ஆடியவர் என்பதை மறந்துவிட்டு, பிட்சிங் கோச் யார், அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார், அவரிடம் இருந்த பையன்களில் எத்தனை பேருக்குத் தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை நடந்தது என்று கேளுங்கள். பேட்டர் என்றால் பயிற்சி நாள் ஒன்றில் நேரில் போய், தலைமை கோச் வலைக்குப் பின்னால் நிற்கிறாரா அல்லது ஆபீஸிலேயே இருக்கிறாரா என்று பாருங்கள். உதவித்தொகை எவ்வளவு, ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்த இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும்.